மலைமேல் ஒரு கல்லூரி: மூன்று வரைவுகளில் எது?

கோத்தகிரிப் பக்கத்தில் சில நண்பர்கள் அறக்கட்டளை ஒன்று நடத்துகிறார்கள். கையில் கொஞ்சம் நிலம், பழைய பங்களா ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் சிலரின் பண உறுதி. கலை அறிவியல் கல்லூரி தொடங்குவது திட்டம். எந்தெந்தப் பாடப்பிரிவு, எத்தனை வகுப்பறை, யாரிடம் அனுமதி என்றெல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். "இந்தக் கல்லூரி எதற்காக?" என்ற ஒரு பக்கம் மட்டும் எழுதப்படாமல் நிற்கிறது. ஆளுக்கொன்றாக மூன்று வரைவு எழுதிக்கொண்டு, ஊட்டியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்பதால் என்னிடமும் அனுப்பினார்கள். அவர்களுக்கு நான் எழுதிய பதிலை விரித்து இங்கே தருகிறேன். கல்லூரியோ பள்ளியோ தொடங்க நினைக்கும் வேறு சிலருக்கும் பயன்படலாம்.

முதல் வரைவு, பரந்த படிப்பால் பக்குவப்பட்ட பட்டதாரிகளை உருவாக்குவோம் என்கிறது. இரண்டாவது, மலையின் முதல் ஆராய்ச்சிக் கல்லூரி ஆவோம் என்கிறது. மூன்றாவது, மலை மக்களின் சிக்கல்களுக்குத் தீர்வு தேடுவோம் என்கிறது. மூன்றிலும் ஒழுக்கம், உன்னதம், உலகத் தரம் ஆகிய சொற்கள் தவறாமல் இருக்கின்றன. கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் நாக் (NAAC) குழு வந்துபோன எந்தக் கல்லூரியின் சுவரிலும் அவற்றைப் படிக்கலாம் என்பதால் அவற்றை விட்டுவிட்டேன். ஒரு கல்லூரி எதை நம்புகிறது என்று அறிய நான் டைம்டேபிளைப் பார்ப்பேன். பிறகு, மாணவர் எழுதியதை யார் படிக்கிறார்கள் என்று கேட்பேன். பணம் வந்ததும் முதலில் என்ன வாங்கினார்கள் என்பது அடுத்தது. மூன்று வரைவுகளையும் இந்த மூன்று இடங்களில் வைத்துத்தான் பார்த்தேன்.

முதல் வரைவு

இதன் பின்னால் இருப்பவர் ஆங்கிலேயக் கத்தோலிக்கச் சிந்தனையாளர் ஜான் ஹென்றி நியூமன். 1852-ல் டப்ளினில் ஆற்றிய உரைகளில் பல்கலைக்கழகத்தின் வேலை அறிவைக் கற்பித்துப் பரப்புவது என்றார். புதிய கண்டுபிடிப்புதான் நோக்கம் என்றால் அங்கே மாணவர்கள் எதற்கு என்று கேட்டார். ஆராய்ச்சியை அவர் இழிவாக நினைக்கவில்லை. அதற்குத் தனிக் கழகங்கள் இருக்கட்டும், நாள் முழுதும் கற்பிப்பவரின் மனநிலையும் ஆய்வாளரின் மனநிலையும் வேறு என்பது அவர் கட்சி. சேர்ந்து வாழ்வது, பேசிப் பழகுவது, ஆசிரியரின் நேரடிக் கவனிப்பு, இவற்றால் மனம் விரியும் என்று நம்பினார்.

நம் ஊரில் இந்த வரைவை எழுதுகிறவர்கள் நியூமனை நினைத்து எழுதி 1857-ல் போய் முடிகிறார்கள். அந்த ஆண்டில்தான் சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்டன. பாடம் நடத்துவது கல்லூரி, தேர்வு வைத்துப் பட்டம் தருவது பல்கலைக்கழகம். கேள்வித்தாளை எடுப்பவர் வேறு, பாடம் நடத்துபவர் வேறு. நீலகிரிக் கல்லூரிகள் முன்பு சென்னையோடு இணைந்திருந்தன, 1982-க்குப் பிறகு கோவை பாரதியாரோடு. பெயர் மாறியது, ஏற்பாடு மாறவில்லை. தான் எடுக்காத கேள்வித்தாளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் ஆசிரியர், எதைக் கேட்பார்கள் என்று ஊகித்துத்தான் பாடம் நடத்துவார். நோட்ஸ் பிறப்பது அங்கேதான். ஆராய்ச்சி அவருடைய சொந்தக் காரியமாகிறது, பி.எச்டி. முடித்தால் இன்கிரிமென்ட், அவ்வளவுதான். கல்லூரியின் குறிக்கோள் தேர்ச்சி விகிதமாகி ஃப்ளெக்ஸ் பேனரில் ஏறுகிறது.

இவ்வளவு சொன்னபிறகும் முதல் வரைவை நான் தள்ளிவிட மாட்டேன். நமக்கு வரும் பிள்ளைகள் யார்? பச்சைத் தேயிலை பறிக்கிறவர்களின் மகள்கள், 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், ஹட்டி எனப்படும் தங்கள் ஊர்களிலிருந்து வரும் படுகப் பிள்ளைகள், வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் இன்னொன்றும் கல்லூரியில் மூன்றாவதும் பேசுகிற பழங்குடிப் பிள்ளைகள். பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அவர்களுக்குப் புத்திக் குறைவு எதுவும் கிடையாது. நீண்ட கட்டுரை ஒன்றைக் கடைசிவரை படித்து, அதை மறுத்தோ ஏற்றோ ஒரு பக்கம் எழுதும் பழக்கம் மட்டும் வாய்க்கவில்லை. பத்துப் பேர் கொண்ட குழு, வாரம் ஒரு பக்கம், அதை வாய்விட்டுப் படித்துக் கேள்விக்குப் பதில் சொல்வது என்று வைத்தால் இரண்டே ஆண்டில் பிள்ளை மாறிவிடும். கருவி வேண்டாம், கட்டடம் வேண்டாம். ஆசிரியரின் நேரம் மட்டும் வேண்டும். வரைவில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, கலையரங்கம் பற்றி ஒரு பத்தி இருக்கிறது.

இரண்டாவது வரைவு

1810-ல் திறந்த பெர்லின் பல்கலைக்கழகத்தின் கொள்கை இது. அதை உருவாக்கிய பிரஷ்ய அறிஞர் வில்ஹெல்ம் ஃபான் ஹம்போல்ட் சொன்னதன் சாரம்: உயர்கல்வியில் ஆசிரியர் மாணவருக்காக இருப்பவர் அல்லர், இருவருமே அறிவுக்காக இருப்பவர்கள். தீராத கேள்வி ஒன்றின் முன்னால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் அதுவே பாடம், அதுவே ஆராய்ச்சி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் மலைகளில் ஆராய்ச்சிக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்த ஆராய்ச்சி எந்தக் கூரைக்குக் கீழே நடந்தது என்று பாருங்கள். ஊட்டி முத்தொரையில் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் அமைத்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-ல் இயங்கத் தொடங்கியது. வடக்குத் தெற்காகச் சரியும் மலைச்சரிவு ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். அந்தச் சரிவு சுமார் 11 பாகை, ஊட்டியின் அட்சரேகையும் அதுவே. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாகிறது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே வானத்துப் பொருளை மணிக்கணக்காகத் தொடரலாம். நிலமே கருவியின் ஒரு பாகமாகிவிட்ட வேலை அது. அதை நடத்துவது டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். பக்கத்து ஊரில் இயற்பியல் பட்டம் படிக்கிறவர் ஒரு தடவை வரிசையில் நின்று பார்த்துவிட்டு வரலாம், பார்க்காமலே பட்டமும் வாங்கலாம். சுதந்திரத்துக்குப் பின் ஆராய்ச்சிக்குத் தனி நிறுவனம், கற்பித்தலுக்குக் கல்லூரி என்று நாடு பிரித்துவைத்ததன் விளைவு இந்த மலையில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வேறெங்கும் தெரியாது.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் கதை இன்னும் சுவையானது. 1876-78 பஞ்சத்தில் மக்கள் மடிந்தபோது, சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்புண்டா என்ற கேள்வி அரசுக்கு எழுந்தது. அந்தக் கேள்வியின் வழியில்தான் 1899-ல் கொடைக்கானல் ஆய்வகம் வந்தது. அங்கே 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார், இன்றும் அதற்கு அவர் பெயர்தான். மழையைக் கணிக்கக் கேட்ட இடத்தில் சூரியனைப் பற்றிய அறிவு கிடைத்தது. நிறுவனத்தின் குறிக்கோள் தாளில் என்னவாக எழுதப்பட்டிருந்தாலும், நாள் தவறாமல் சூரியனைப் படமெடுத்துவைத்த பழக்கம் நூறாண்டு தாண்டியும் ஆய்வாளர்களுக்குச் சோறு போடுகிறது. பணக்காரக் கருவி இல்லாத கல்லூரி கற்க வேண்டியது அந்தப் பழக்கத்தை.

குன்னூரில் நடந்தது எச்சரிக்கை. 1918-ல் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி என்ற சத்துக்குறை நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்ச்சியை ஒப்பிட்டார். சோற்றை நம்பிய நம் சென்னை மாகாண உணவு அந்தப் போட்டியில் கடைசி வரிசை. அந்த ஓர் அறைதான் வளர்ந்து 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. போனதில் தவறில்லை. உள்ளூர் மாணவர்களோடு வேர்விடாத ஆராய்ச்சியை ஓர் அரசாணையால் மலையிறக்கிவிட முடியும், அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

நண்பர்களின் இரண்டாவது வரைவில் எனக்குப் பயம் வேறு காரணத்தால். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. அதற்கு மேல் இன்டர்னல், அட்மிஷன், விழா, நாக் கோப்பு. இந்த நிலையில் ஆராய்ச்சியைக் குறிக்கோளாக வைத்தால் அது கட்டுரை எண்ணிக்கையாகச் சுருங்கும். காசு வாங்கிப் போடும் இதழ்கள் இருக்கவே இருக்கின்றன. மாணவர் அதில் எங்கே வருகிறார்? ஊராரிடம் ஆய்வுப் படிவம் நிரப்பி வாங்கிவரும் ஆளாக. ஹம்போல்ட் பெயரைச் சொல்லி அவர் சொன்னதற்கு நேர்மாறான ஒன்றைச் செய்வதாகத்தான் முடியும்.

மூன்றாவது வரைவு

இது எனக்குப் பிடித்த வரைவு. அதனால் இதைத்தான் அதிகம் கிண்டினேன். "சமூகத்தின் சிக்கலிலிருந்து கல்வி" என்ற ஒரே வாக்கியத்துக்குள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, 1862-ல் மோரில் சட்டத்தால் அமெரிக்காவில் பிறந்த நிலக்கொடைக் கல்லூரி வழி. கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் மூன்றும் ஒரே வளாகத்தில் நடக்கும். நம் வேளாண் பல்கலைக்கழகங்கள் இதைப் பார்த்து எழுந்தவை. நிபுணர் கண்டறிவார், விவசாயிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். இது வேலை செய்யும் வழிதான். 1961-ல் நீலகிரி உருளைக்கிழங்கில் முட்டைக்கூட்டு நூற்புழு இருப்பது தெரிந்தது. முத்தொரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பில் அதைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா ரகம் வந்தது. கீழ்ப் பழனி மலையில் முடிக்கொத்து நோய் விருப்பாச்சி வாழையைத் தின்று தீர்த்தபோதும் ஆய்வகத்தில் வளர்த்த நோயற்ற கன்றுதான் கைகொடுத்தது.

இரண்டாவது, காந்தி 1937-ல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி. இங்கே கைத்தொழில் அறிவின் ஊற்று, நூற்பதிலிருந்து கணக்கு, மண்ணிலிருந்து வேதியியல். இதை உயர்கல்வி வரைக்கும் கொண்டுபோன முயற்சி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் சின்னாளப்பட்டி அருகே தொடங்கிய காந்திகிராமம், 1956-ல் கிராமிய நிறுவனமாகி 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கிராமத்துக்கென்று தனிப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று ராதாகிருஷ்ணன் குழு பரிந்துரைத்த காலத்தின் பிள்ளை அது.

மூன்றாவது, பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே வழி. எது சிக்கல் என்று பெயரிடும் உரிமையே கற்பவருக்கு உரியது. கூடலூரில் ஆதிவாசிப் பிள்ளைகளுக்கான வித்யோதயா பள்ளியைப் பார்த்தவர்களுக்கு இது நூல் அறிவாகத் தோன்றாது. பணியர், காட்டுநாயக்கர், பெட்டகுறும்பர் சமூகங்களின் கதையும் பாட்டும் அங்கே பாடத்துக்குள் வருகின்றன, ஆசிரியர்களிலும் அந்தச் சமூகத்தவர் உண்டு.

நிலக்கொடை வழியில் விவசாயி பயனாளி. காந்தி வழியில் அவர் தொழில்தான் பாடம். ஃப்ரெய்ரே வழியில் கேள்வியே அவருடையது. நண்பர்கள் இந்த மூன்றில் எது என்று சொல்லாமல் கையெழுத்துப் போட்டால், வழக்கத்தின் வேகத்தில் நிலக்கொடை வழிக்கே போய்ச் சேர்வார்கள். விரிவாக்கப் பணி என்ற பெயரில் பஸ் ஸ்டாண்டில் துடைப்பத்தோடு போட்டோ எடுத்துக்கொள்வதில் அது முடியும்.

இன்னோர் ஆபத்தைத் தமிழ்நாட்டில் யாரும் மறக்க முடியாது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெயர் பெற்று, எதிர்ப்பில் ஆட்சியே ஆட்டம் கண்டு, 1954-ல் காமராஜர் வந்ததும் கைவிடப்பட்டது. மலைப் பிள்ளைக்கு மலைப் படிப்பு என்று சொல்லும்போது அந்த வாடை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டிலிருந்து வரும் பெண்ணிடம் தேயிலையைப் பற்றி ஆராய்ச்சி செய் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? சூரியப் புள்ளியையோ சங்கப் பாட்டையோ அவள் படிக்க நினைத்தால் கல்லூரி அதற்கும் வழிவிட வேண்டும். உள்ளூர்ச் சிக்கல் நுழைவாயிலாக இருக்கட்டும், வேலியாகிவிடக் கூடாது. வரைவில் இதை ஒரு விதியாகவே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஒரே பொருள், மூன்று கல்லூரி

கொள்கைப் பேச்சு தலைக்கு மேல் போகிறது என்று அறக்கட்டளையில் ஒருவர் அலுத்துக்கொண்டார். அவருக்காக ஓர் எடுத்துக்காட்டு. மழையும் மண்சரிவும் நமக்குப் புதிதல்ல. 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர்ப் பக்கம் வீடுகளோடு மனிதர்கள் புதைந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது.

முதல் வரைவுக் கல்லூரியில் இது புவியியல் பாடத்தின் ஓர் அலகு. மாணவர் மண்சரிவின் காரணங்களைப் படிப்பார். நல்ல ஆசிரியர் வாய்த்தால் பஞ்சத்தையும் வெள்ளத்தையும் எழுதிய இலக்கியத்தோடு சேர்த்து யோசிப்பார், தெளிவாக எழுதுவார். அவர் எழுதியதைப் படிப்பவர் கோவையில் விடைத்தாள் திருத்துபவர்.

இரண்டாவது கல்லூரியில் ஓர் ஆசிரியர் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சரிவு வரைபடம் போட்டுக் கட்டுரை வெளியிடுவார். மாணவர் பெயர் நன்றியுரையில் வரும். படிப்பவர்கள் அதே துறையின் ஆய்வாளர்கள்.

மூன்றாவது கல்லூரியில் ஒவ்வொரு மாணவர் ஊரிலும் மழைமானி ஒன்று. காலை எட்டரைக்கு அளந்து எழுதுவது மாணவர் வேலை. எங்கே சரிவை வெட்டி வீடு கட்டினார்கள், எந்த ஓடை அடைபட்டது, பாட்டிமார் காலத்தில் எந்த இடத்தில் வீடு கட்ட மாட்டார்கள் என்பதெல்லாம் ஊராரிடம் கேட்டுப் பதிவாகும். புள்ளியியல் வகுப்புக்கு அந்த எண்களே பாடம். பருவமழைக்கு முன் ஊர்க் கூட்டத்தில் மாணவரே எழுந்து வாசிப்பார். தப்பாகச் சொன்னால் அங்கேயே திருத்திவிடுவார்கள், மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. பத்து ஆண்டு தொடர்ந்தால் அந்த ஏடுகளைத் தேடி இரண்டாவது கல்லூரிக்காரர்களே வருவார்கள்.

தோடர், கோத்தர், குறும்பர் பற்றிய ஆய்விலும் இதே வேறுபாடுதான். ஆங்கிலேய ஆய்வாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901-02-ல் தோடர்களிடையே தங்கி வம்சாவளி சேகரித்த முறை மானுடவியலையே மாற்றியது. மொழியியலாளர் மரே எமனோ 1930-களில் தோட, கோத்த மொழிகளைப் பதிவுசெய்தார். பெரிய உழைப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் மலையில் பிறந்தவர் தகவல் தருபவர், கேள்வி கேட்பவர் கடல் கடந்து வந்தவர். கோத்தகிரியில் தொடங்கும் கல்லூரியில் கோத்தர் வீட்டுப் பிள்ளை தன் மொழிக்குத் தானே அகராதி செய்ய முடியாதா? அதேபோல் குறும்பரின் மருந்துச் செடிகளை எழுதிக்கொண்டு போவதற்கு முன் யார் அனுமதி, பயன் யாருக்கு என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். 2002 பல்லுயிர்ச் சட்டமும் 2006 வன உரிமைச் சட்டமும் வந்தபிறகு இதை ஆசிரியரின் நல்ல மனசுக்கு விட்டுவிட முடியாது.

எழுதப்படாத நான்காவது

பெற்றோர் கேட்கப்போவது ஒன்றே ஒன்று: முடித்தால் வேலை கிடைக்குமா? நியாயமான கேள்வி. 2022 முதல் மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் இருக்கிறது, அதை நன்றாகப் பயன்படுத்தலாம். ஆனால் வேலையைக் குறிக்கோளாக எழுதினால் எந்த வேலைக்கு என்று அடுத்த கேள்வி வரும், மலையில் அதற்குப் பதில் ஹோட்டலும் ரிசார்ட்டும்தான். இருக்கிற தொழில் ஏற்பாட்டுக்கு ஆள் பொருத்தித் தருவதாகத் தொழிற்கல்வி குறுகக் கூடாது என்று நூறாண்டுக்கு முன்பே அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி வாதாடினார். எனக்கும் அதற்கு மேல் சொல்ல இல்லை.

என் தேர்வு

மூன்றாவது. அதிலும் ஃப்ரெய்ரே பக்கம் சாய்ந்த மூன்றாவது. கேள்வி ஊரிலிருந்து வர வேண்டும், ஆனால் மாணவர் வேறு கேள்விக்குப் போகவும் உரிமை உண்டு. முதல் வரைவிலிருந்து வாரம் ஒரு பக்கம் எழுதும் குழுவை எடுத்து முதலாண்டு முழுக்க அதற்கே கொடுக்கலாம், எழுதத் தெரியாதவர் ஊர்க் கூட்டத்தில் எதை வாசிப்பார்? இரண்டாவதிலிருந்து தொடர்ந்து அளக்கும் பழக்கம் மட்டும் போதும். எல்லாவற்றையும் கலந்து சமரசம் செய்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நேரம் இடித்தால் எது விட்டுக்கொடுக்கும் என்பது முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். என் வரிசையில் முதலில் விட்டுக்கொடுப்பது இதழ்க் கட்டுரை, அடுத்தது விழாக்கள், கடைசிவரை விட்டுக்கொடுக்காதது அந்த ஒரு பக்கம்.

பல்கலைக்கழக இணைப்பில் இருக்கும்வரை சிலபஸைத் தொட முடியாது, தன்னாட்சிக்குப் பல ஆண்டு ஆகும் என்று கை விரிக்கிறார்கள். தொடக்கூடிய இடங்கள் இருக்கின்றன. இன்டர்னல் மதிப்பெண் நம் கையில். மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்ட் நம் கையில், டவுனில் ஜெராக்ஸ் கடைக்காரர் பைண்டு செய்து தரும் ப்ராஜெக்ட் வேண்டாம் என்று சொல்வதும்தான். வேலைக்கு ஆள் எடுக்கும்போது கட்டுரைப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு மாணவர் எழுதிய பக்கத்தைக் கொடுத்துத் திருத்தச் சொல்லிப் பார்க்கலாம். முதல் செலவு நூலகத்துக்கும் மழைமானிக்கும். கலையரங்கம் பிறகு.

நேரம்தான் முடிச்சு. வாரம் ஆறு மணி நேரம் இந்த வேலைக்கென்று ஆசிரியரின் 16 மணி நேரத்துக்குள்ளேயே கணக்கிடப்பட வேண்டும், அதற்கு மேல் சுமத்துவதாக இருந்தால் ஒரு செமஸ்டர்கூடத் தாங்காது. அந்த ஆறு மணி நேரமும் மாலை நாலு மணிக்கு முன் முடிகிற வகுப்புகளாக இருக்க வேண்டும். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, கரடி நடமாடும் தேயிலைக் காட்டு வழியே பெண் பிள்ளைகளை நடக்கவிடும் ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். ஆறு மணி நேரம் கொடுக்கக் கூடுதலாக ஆசிரியர்கள் வேண்டும், அதற்குக் கட்டணத்தை ஏற்ற முடியாது, ஆகவே வெளிநாட்டு உறவினர்களின் பணம் கட்டடத்துக்குப் போகாமல் சம்பளத்துக்குப் போக வேண்டும். கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாத செலவு இது. அவர்கள் சம்மதித்தால் மூன்றாவது வரைவில் கையெழுத்துப் போடலாம். சம்மதிக்காவிட்டால் முதல் வரைவையே எடுத்துக்கொண்டு, பெயர்ப்பலகையில் இப்போதே எழுதிவைத்திருக்கும் "ஆராய்ச்சி மையம்" என்ற இரண்டு சொற்களை அழித்துவிடும்படி சொல்லியிருக்கிறேன்.